தோத்த பிறகு என்ன சோலி?

2024 நவம்பர் 6, புதன்கிழமை. மாமா வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் துளசேந்திரபுரத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கமலா ஹாரிஸின் அம்மாவைப் பெற்ற தாத்தா கோபாலனின் ஊர் அது. அங்கே தர்மசாஸ்தா கோயிலில் பூஜை, வாசலில் கமலாவின் படம் போட்ட பேனர். மத்தியானத்துக்குள் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலின் முடிவு தெரிந்துவிட்டது, கமலா தோற்றுவிட்டார்.

மாமா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு இனி என்ன சோலி மக்களே?"

சோலி என்றால் எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் வேலை. சம்பளத்துக்குப் போகும் வேலையும் சோலிதான், வீட்டில் கிடக்கும் காரியமும் சோலிதான். ஜனவரி 20 வரைக்கும் அவர் துணை ஜனாதிபதி, அதுவரை வேலை இருக்கிறது என்றேன்.

"அதுக்குப் பொறவு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மாமா ஏன் கேட்டார் என்பது தெரியும்.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் மாமா எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். திருவட்டாறு ஒன்றியத்தில் இருக்கும் சின்ன ஊராட்சி. ஊராட்சித் தலைவர் என்று எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை, பிரசிடெண்ட்தான். பிரசிடெண்ட் எலக்‌ஷன் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாஷிங்டனோ டெல்லியோ இல்லை, இந்தத் தேர்தல்தான். கட்சிச் சின்னம் கிடையாது. மாமாவுக்குப் பூட்டு சாவி கிடைத்தது. கிறிஸ்துமஸ் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த நான், ஓட்டு எண்ணும் இடத்தில் அவருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தேன்.

2020 ஜனவரி 2 காலையில் எண்ணத் தொடங்கினார்கள். கிராமத்தில் ஒருவருக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, பிரசிடெண்டுக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. எல்லாம் ஒரே பெட்டியில்தான் விழும். முதலில் அத்தனையையும் மேஜையில் கொட்டி நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரசிடெண்ட் சீட்டு இளஞ்சிவப்பு. பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, எங்கள் ஊராட்சியின் முறை வருவதற்குள் ராத்திரியாகிவிட்டது. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டில் முத்திரை பூட்டு சாவிக்கும் அடுத்த சின்னத்துக்கும் நடுவே இருந்த கோட்டின் மேல் சரியாக விழுந்திருந்தது. மை கொஞ்சம் இந்தப் பக்கம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. செல்லாத ஓட்டு என்று தனியாக வைத்தார்கள். அப்படி வைத்தவை மொத்தம் 63. மாமா தோற்றது 41 ஓட்டில். மறுபடி எண்ணக் கேட்டோம், எண்ணினார்கள், அதே 41.

வெளியே வந்தபோது மணி ஒன்றரை. ரோட்டின் அந்தப் பக்கம் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் எங்களோடு வந்த மூன்று வேன் ஆட்களில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். மாமா ஒரு மாமரத்தடியில் நின்றார். "எத்தனை?" என்றார். "நாப்பத்தொண்ணு." தலையை ஆட்டினார். "நீ ஏதாவது தின்னியா?" என்றார்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அவர் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டக் கிளம்பிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை, பின்னாலேயே போனேன். ஒவ்வொரு மரமாக நின்று, பழைய வெட்டில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து எடுத்து, கத்தியைச் சாய்த்து மெல்லிசாக ஒரு கீற்று சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்தார். "ரெண்டு வாரமா வெட்டல்ல. பட்டை காஞ்சு போச்சு கேட்டியா" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

வேலைக்குப் போய்விட்டாரே, சரியாகிவிட்டார் என்று நினைத்துத்தான் சென்னைக்கு ரயில் ஏறினேன். சரியாகவில்லை என்று மாமி போனில் சொன்னாள். ராத்திரி வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போடுகிறாராம். யார் அந்த நாற்பத்தொரு பேர் என்று கணக்குப் பார்க்கிறாராம். ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்து வழியே போகாமல் ஒரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறாராம். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவதில்லையாம். ஒருநாள் மாமி அந்தப் பட்டியலை எடுத்து, ரப்பர் ஷீட் உணக்கும் புகை அறையில் விறகோடு வைத்துவிட்டாள். மாமா தேடினார். இவள் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் தோற்றவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாமாவுக்குச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான்.

முதலில் எனக்கு விளங்கியது, அமெரிக்காவில் தோற்பது நம் ஊரில் தோற்பது போல இல்லை என்பது. இங்கே ஒரு கட்சி ஆட்சியை இழந்தாலும் அதன் தலைவர் தன் தொகுதியில் ஜெயித்திருந்தால் எதிர்க்கட்சித் தலைவராகச் சட்டசபைக்குள் போய் உட்காரலாம். அங்கே ஜனாதிபதி தேர்தலில் இரண்டாவதாக வந்தவருக்கு எந்த நாற்காலியும் இல்லை. ஏழு கோடிப் பேர் ஓட்டுப் போட்டிருந்தாலும் மறுநாள் அவர் சாதாரண ஆள். ஏற்கெனவே செனட்டராக, அதாவது மேலவை உறுப்பினராக இருந்து, அந்தப் பதவிக்காலம் மிச்சம் இருந்தால் அங்கே திரும்பிப் போகலாம். 2004-ல் தோற்ற ஜான் கெர்ரியும் 2008-ல் தோற்ற ஜான் மெக்கெய்னும் அப்படித் திரும்பியவர்கள். 2012-ல் தோற்ற மிட் ராம்னிக்கு அதுவும் இல்லை. தேர்தல் முடிந்த சில நாட்களில் அவர் தன் காருக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த படம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. தலை கலைந்து, சட்டை கசங்கி, பெட்ரோல் பம்ப் பக்கத்தில் நிற்கிறார். 2016-ல் ஹில்லரி கிளிண்டன் நாடு முழுவதும் எண்ணினால் 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று இருக்கும் தேர்வாளர்களின் கணக்கில் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டு பேசிய மறுநாள் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுப்பாதையில் நாயோடு நடந்துபோனவரை, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் எதேச்சையாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். மாமா பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனது எனக்கு நினைவுக்கு வந்தது.

வால்டர் மாண்டேல் 1984-ல் மின்னசோட்டாவையும் தலைநகரையும் தவிர எல்லா இடத்திலும் தோற்றார். அதற்கு 12 வருடம் முன்னால் ஜார்ஜ் மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றிருந்தார். சொந்த மாநிலமான தெற்கு டகோட்டா கூட அவரைக் கைவிட்டது. மாண்டேல் அவரிடம் போய், இந்த வலி எப்போது போகும் என்று கேட்டாராம். எனக்குப் போகும்போது உனக்குச் சொல்கிறேன் என்றாராம் மெக்கவர்ன். இதை மாமாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பன்னெண்டு வருசமா?" என்றார்.

மெக்கவர்ன் கதையை நான் இங்கே விட்டுவிட மாட்டேன். எல்லாருடைய கதையிலும் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அதுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் அவர். 1961-ல் கென்னடி ஆட்சியில், அமெரிக்காவில் மிஞ்சிய தானியத்தைப் பசித்த நாடுகளுக்கு அனுப்பும் திட்டத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1972-ல் நிக்சனிடம் அவ்வளவு மோசமாகத் தோற்ற பிறகும் செனட்டில் எட்டு வருடம் இருந்தார், 1980-ல் அதையும் இழந்தார். 1984-ல் மறுபடி வேட்பாளராகப் பார்த்தார், சொந்தக் கட்சியே ஏற்கவில்லை. 1998-ல், எழுபத்தைந்து வயதில், ரோமில் இருக்கும் ஐ.நா. உணவு அமைப்புகளுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். அங்கிருந்து அவர் எடுத்து வந்த யோசனை நமக்கு மிகவும் பழக்கமான ஒன்று: ஏழை நாடுகளில் பள்ளிக்கூடம் வரும் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு போட வேண்டும்.

இதற்குத் துணையாக ஒரு ஆள் தேவைப்பட்டது, அதுவும் எதிர்க்கட்சியிலிருந்து. பாப் டோல் வந்தார். அவரும் தோற்றவர். 1996-ல் ஜனாதிபதி தேர்தலில் முழுமூச்சாக இறங்குவதற்காக, 27 வருடம் இருந்த செனட் பதவியைத் தேர்தலுக்கு முன்பே ராஜினாமா செய்தார், பிறகு பில் கிளிண்டனிடம் தோற்றார். நாற்காலியை விட்டுவிட்டுக் கிளம்பியவருக்கு வேறு நாற்காலியும் கிடைக்கவில்லை. போரில் வலது கை செயலிழந்து போன மனிதர். யாராவது அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிடக் கூடாது என்று எப்போதும் அதில் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார். 1970-களில் செனட்டில் எதிரெதிர்க் கட்சியில் இருந்தபோதே, அமெரிக்க ஏழைகளின் உணவு விஷயத்தில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தவர்கள். இரண்டு பேரும் தோற்று முடித்த பிறகு அந்தப் பழைய கூட்டு மறுபடி கூடியது. 2002-ல் பள்ளி உணவுத் திட்டம் இருவர் பேரிலும் சட்டமானது. 2008-ல் உலக உணவுப் பரிசை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள்.

மதிய உணவு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு யார் முகம் வருமோ, அவரும் ஒரு தேர்தலில் தோற்றவர். அவரைத் தோல்வியிலிருந்து கைதூக்கி எடுத்தது எங்கள் மாவட்டம்.

1967 தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். மூன்று வருடத்துக்குள் இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னால் நின்றவர், அந்த நேரத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். வீட்டுக்கு வீடு அது செய்தி. அடுத்த வருடம் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி காலமானார். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியவர், மார்ஷல் என்று எங்கள் ஜனம் அழைத்தவர். அவருடைய இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. காமராஜர் இங்கே வந்து நின்றார்.

அம்மாவின் அப்பா, எங்கள் பாட்டா, அந்தத் தேர்தலில் சைக்கிளில் ஓட்டுக் கேட்டவர். தக்கலையில் கூட்டம் முடிந்து ராத்திரி சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்த கதையை எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஊரில் தோற்ற ஆளை நாம எதுக்கு ஜெயிக்க வைக்கணும் என்று கேட்டவர்களிடம், "சொந்தப் பிள்ளையை வீட்டில் அடிச்சா பக்கத்து வீட்டில் கூப்பிட்டுச் சோறு போட மாட்டாளா?" என்று பதில் சொன்னதாகச் சொல்வார். பாட்டா சொன்னபடியே சோறு போட்டார்கள். காமராஜர் லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971-ல் தமிழ்நாடு முழுக்க எதிர் அலை அடித்தபோது, அவருடைய கட்சிக்கு மக்களவையில் கிடைத்த ஒரே தமிழ்நாட்டு இடம் நாகர்கோவில். அவர் 1975 அக்டோபர் 2-ல் இறக்கும்போதும் எங்கள் எம்.பி.தான். நாகர்கோவில் வேப்பமூட்டில் நிற்கும் அவருடைய சிலையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் இது எனக்கு நினைவுக்கு வரும். பெருமையாகவும் இருக்கும். தோற்றவருக்கு ஒரு ஊர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்த 1969-ம் வருடமே நம் நாட்டிலும் ஒரு ஜனாதிபதி தேர்தல் வந்தது. காமராஜரும் அவருடைய கூட்டாளிகளும் நிறுத்திய நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர். மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னார். முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்பத்தையும் சேர்த்து எண்ணியபோது, எதிர்த்து நின்ற வி.வி. கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. அந்த வருடமே கட்சி உடைந்தது. ரெட்டி அனந்தப்பூருக்குப் போய் விவசாயம் பார்த்தார். அவருக்கு அப்போது 56 வயது, கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். 1977-ல் ஜனதா கட்சிக்காக நந்தியாலில் நின்றார். ஆந்திராவில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. மக்களவைத் தலைவரானார், சில மாதத்தில் போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானார். அதைப் பார்க்கக் காமராஜர் இல்லை.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது ஜனாதிபதியானதை இல்லை. "நடுவுல எட்டு வருசம் கிருஷி பார்த்தாரா? என்ன கிருஷி?" என்றார். எனக்கு அது தெரியவில்லை. தோற்றவனுக்குத் திரும்பிப் போக ஒரு நிலம் இருந்தது என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது.

கேப்டன் லட்சுமியையும் சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவை நடத்தியவர். 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றார். ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தே நின்றார். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அப்போது அவருக்கு 87 வயது. அப்புறம் கான்பூருக்குத் திரும்பித் தன் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்தார். தொண்ணூறு தாண்டிய பிறகும் பார்த்தார். பெரிய பதவிக்கு நின்று தோற்றவரின் மறுநாள் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இப்படி என்பேன்.

எல்லா நாட்டிலும் இப்படித் திரும்ப விட மாட்டார்கள். இலங்கையில் 2010 ஜனவரி 26-ல் மகிந்த ராஜபக்சவை எதிர்த்து நின்று தோற்ற சரத் பொன்சேகாவை பிப்ரவரி 8-ல் ராணுவம் கைது செய்தது. போரில் அவர் தளபதியாக இருந்ததைத் தமிழர் யாரும் மறக்க முடியாது, எனக்கும் அவர் மேல் அன்பு கிடையாது. ஆனால் தேர்தலில் தோற்று இரண்டே வாரத்தில் ஒருவரைப் பிடித்து அடைப்பது அவருக்கு மட்டும் நடப்பது இல்லை. இனி நிற்க நினைப்பவர்கள் எல்லாருக்கும் சொல்லப்படும் சேதி அது. தோற்றவன் ராத்திரி வீடு வந்து, காலையில் ரப்பர் வெட்டப் போக முடிகிற நாட்டில்தான் தேர்தல் என்ற ஒன்று உண்மையாக நடக்கிறது.

அதே மாதிரி தோற்றவர் நாட்டுக்குச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது. ஜெயித்தவர் "நான் ஜெயித்தேன்" என்றால் எதிர்த்தரப்பு நம்பாது. தோற்றவர் "ஆமாம், அவர் ஜெயித்தார்" என்றால்தான் கலைந்து வீட்டுக்குப் போவார்கள்.

அல் கோர் 2000-ல் இளைய புஷ்ஷிடம் தோற்றபோது இதைச் செய்ததை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். நாடு முழுக்கக் கணக்கிட்டால் அவருக்கு 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு. எல்லாம் புளோரிடா ஒன்றில் வந்து நின்றது. கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 537. அங்கே சில மாவட்டங்களில் சீட்டில் துளை போட்டு ஓட்டளிக்கும் முறை. துளை முழுதாக விழாமல், ஒரு பொட்டுக் காகிதம் ஓரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். அது ஓட்டா இல்லையா என்று அதிகாரிகள் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற படத்தைப் பார்த்தபோது, கோட்டின் மேல் விழுந்த அந்த முத்திரை என் கண்ணுக்குள் வந்து நின்றது. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12-ல் மறுஎண்ணிக்கையை நிறுத்தியது, நீதிபதிகள் ஐந்துக்கு நாலு. மறுநாள் ராத்திரி கோர் ஒப்புக்கொண்டு பேசினார்.

அதோடு முடியவில்லை. அவர் துணை ஜனாதிபதி. செனட்டின் தலைவரும் அவரே. 2001 ஜனவரி 6-ல் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் கூடி தேர்வாளர் ஓட்டுகளை எண்ணும்போது தலைமை நாற்காலியில் அவர்தான் உட்கார வேண்டும். அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, புளோரிடா ஓட்டை ஏற்காதீர்கள் என்று மறுப்புச் சொன்னார்கள். ஒரு செனட்டராவது கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அதை எடுத்துக்கொள்ள முடியும், ஒருவரும் போடவில்லை. தனக்காகப் பேசிய ஒவ்வொருவரையும் கோரே உட்காரச் சொன்னார். பிறகு 271-க்கு 266 என்று தன் தோல்வியைத் தன் வாயாலேயே அறிவித்தார்.

இருபது வருடம் கழித்து, அதே ஜனவரி 6, அதே கட்டடம். 2020-ல் தோற்ற டொனால்டு டிரம்ப் தோல்வியை ஏற்கவில்லை. நீதிமன்றங்கள் வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டும், ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஆதரவாளர்கள் கதவையும் ஜன்னலையும் உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாலு வருடம் கழித்து அவரே ஜெயித்துத் திரும்பி வந்தார். அப்படியானால் ஒப்புக்கொள்வதில் என்ன லாபம் என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். லாபக் கணக்கில் என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை என்பது உண்மைதான், கிடைப்பது மற்ற எல்லாருக்கும். கமலா ஹாரிஸ் 2025 ஜனவரி 6-ல் கோர் உட்கார்ந்த அந்த இடத்தில் நின்று 312-க்கு 226 என்று படித்தபோது உள்ளே சத்தமில்லை, வெளியே ஜன்னல் உடையவில்லை. அரைமணி நேரத்துச் செய்தியாக முடிந்துபோனது. மாமாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். "குரல் நடுங்கல்லியே" என்றார். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார்.

கோர் பிற்பாடு தாடி வளர்த்தார், கல்லூரியில் பாடம் எடுத்தார், பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டினார். 2007-ல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. ராம்னி ஆறு வருடம் கழித்து உட்டா மாநிலத்தின் செனட்டரானார். 2020-ல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில், தன் சொந்தக் கட்சி ஜனாதிபதியைக் குற்றவாளி என்று வாக்களித்த முதல் செனட்டர் அவர். 2018 டிசம்பரில் முன்னாள் ஜனாதிபதி மூத்த புஷ்ஷின் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தபோது, 95 வயது பாப் டோலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 1988-ல் கட்சிக்குள் நடந்த போட்டியில் அவரைத் தோற்கடித்தவர் புஷ். டோல் தன்னை எழுப்பி நிறுத்தச் சொன்னார். ஒருவர் தாங்கிப் பிடிக்க, எழுந்து நின்று இடது கையால் சல்யூட் அடித்தார். வலது கை வராதே.

சரி, மாமாவுக்கு வருகிறேன். 2020 மழைக்காலத்தில் கிழக்குத் தெருப் பெண்கள் நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய் மேட்டுக்கு ஏறவில்லை. "நான் தோத்தவனாக்கும், பிரசிடெண்டுகிட்ட போங்க" என்றாராம். "அவரு ஒப்புப் போடுவாரு, மனு நீங்கதானே எழுதணும்" என்றாளாம் ஒருத்தி. மாமா முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அன்றைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் முதியோர் பென்ஷன், பட்டா பெயர் மாற்றம், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது என்று ஆள் வந்தபடியே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் ஒரு மேஜை போட்டுவிட்டாள் மாமி. பள்ளிக்கூடத்து வழியே மறுபடி எப்போது நடக்க ஆரம்பித்தார் என்று மாமிக்கும் ஞாபகம் இல்லை.

2025 ஜனவரி 5-ல் எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களுக்குப் போனது. 41 ஓட்டில் ஜெயித்தவரும் முன்னாள் ஆகிவிட்டார். பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை அவர் பைக்கில் வந்து இறங்கினார். ஐந்து வருடத்தில் இந்தத் திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, அந்த ஓடைப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கினது அப்படியே கிடக்கு. இனி நாம சொன்னா யாரு கேப்பா? கலெக்டருக்கு ஒரு மனு போட்டாத்தான் ஆகும்" என்றார்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாமி இரண்டு கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். "தீர்மான நம்பர் உண்டா?" என்று கேட்டார் மாமா. வந்தவர் போனில் தேட ஆரம்பித்தார், படம் எடுத்து வைத்திருந்தாராம், கிடைக்கவில்லை. மாமா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.